ஆள் கணக்கு

என் பெயருக்குள் ஓர் ஒலி இருக்கிறது.
ர-வை உருட்டிக்கொண்டே
அதன்மேல் ஷ-வை ஏற்றவேண்டும்.
ப்ர்னோவில் பிறந்த பிள்ளைகளுக்கே
ஐந்தாறு வயதுவரை வழுக்கும்;
கண்ணாடி முன் உட்காரவைத்துப் பழக்கக்
காசு வாங்கும் ஆட்கள் உண்டு.
யிர்ஷினா என்று எழுதலாம்,
அது நானில்லை.

விடுதி மாணவர்கள் யிரினா என்பார்கள், ஜெரினா என்பார்கள்.
போலந்துப் பையன் ஒருவன் மட்டும்
கிட்டே வந்து
தாண்டிப் போய்விட்டான்.
நான் திருத்துவதில்லை.
நானும் அவர்களை எண்ணால்தானே கூப்பிடுகிறேன்:
நானூற்றுப் பன்னிரண்டு, இந்தா சாவி.
இருநூற்று ஆறு, உனக்குப் பார்சல்,
மீன் நாறுகிறது, சீக்கிரம் எடு.

அக்டோபரில் பண்பாட்டுப் பரிமாற்ற மாலை.
மேசைக்கொரு கொடி, கொடிக்கொரு தட்டு.
முனைவர் ஹ்லவாச் மேடையேறி
உரையாடல் என்ற சொல்லைப் பதினான்கு முறை சொன்னார்
(எண்ணினேன், வேறு வேலையில்லை).
வேறு யாரும் பேசவில்லை.
ஜார்ஜியா மேசையில் வால்நட் முதலில் தீர்ந்தது.
அயர்லாந்து மேசையில் ஒரு பாக்கெட் உருளைச் சீவல்,
எங்கள் தெருமுனைக் கடையின் விலைச்சீட்டோடு.
ஒன்பதரைக்குக் கொடிகளைச் சுருட்டியது நான்தான்.

ஜனவரி, செவ்வாய்,
பின்னிரவு இரண்டு நாற்பது.
தீ மணி.

பனியில் அறுபத்தொரு பேர்.
சிலர் ஒற்றைச் செருப்போடு, சிலர் மெத்தை விரிப்போடு,
மிஸெகாலா ஈரத் தலையும்
ஒரு செடித் தொட்டியுமாக.
தீயணைப்புத் தலைவர் பட்டியலை என் கையில் திணித்தார்.
அதில் எண்கள் இல்லை. பெயர்கள்.
வாசியுங்கள், என்றார்.

வாசித்தேன்.
ஒவ்வொரு பெயரும் என் வாயிலிருந்து
கை கால் முறிந்து வெளியே விழுந்தது.
உரியவர் அதைத் தூக்கி நிறுத்தித்
தூசி தட்டி
சரியான ஒலியில் திருப்பிச் சொன்னார்.
இப்படி நாற்பத்துநாலு பெயர்.

காவோயில்ஃபியோன், என்றேன்.
பதில் இல்லை.
காவோயில்ஃபியோன்!
பனி விழும் சத்தம்.
வீரர் ஒருவர் முகக்கவசத்தை இறக்கிவிட்டார்,
ஒரு கால் வாசலுக்குள்.
என் தொண்டை மூன்றாம் முறைக்குத் திறக்கவில்லை.

மிஸெகாலா என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.
"கீலின்! இது கீலின்!"

பதினோரு எழுத்தை எழுதிவிட்டு
பாதியைக்கூட உச்சரிக்காத ஊரும் உண்டா?
"நானா? அப்போதிலிருந்து இங்கேதான் நிற்கிறேன்."
என் பக்கத்தில்,
என் மேலங்கியைப் போர்த்திக்கொண்டு.

தீ எதுவும் இல்லை.
நாலாம் மாடியில் யாரோ பாலை அடுப்பில் வைத்துவிட்டுத்
தூங்கிப் போயிருக்கிறார்கள்.
யாரென்று இன்றுவரை தெரியாது.
உள்ளூர்ப் பையன் ஸ்லாவோமிர் என்பது என் ஊகம்.

புகை போக நாற்பது நிமிடம்.
கீலின் கேட்டாள்: உங்கள் பெயரை நாங்கள் சரியாகச் சொல்கிறோமா?
இல்லை, என்றேன்.
நாலு மாதத்தில் அவர்களிடம் நான் பேசிய முதல் வாக்கியம்
அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

பிறகு அந்த முற்றத்தில்
பல் கிட்டிய அறுபத்தொரு வாய்கள்
ர-வை உருட்டின, ஷ-வை ஏற்றின,
எச்சில் தெறித்தது, பனி உருகியிருக்கும்.
முகக்கவசக்காரர் குனிந்து நின்று சிரித்தார்.
நானூற்றுப் பன்னிரண்டுக்கு மட்டும்
மூன்றாவது முயற்சியில் வந்துவிட்டது.

அவள் பெயரைக் கேட்டேன்.
அதன் முதலெழுத்தை எழுத வழியில்லை.
நாக்கை முன்பல்லில் ஒட்டிச் சட்டென்று பிரியுங்கள், என்றாள்.
பாவமென்று உச்சுக் கொட்டுவீர்களே, அதேதான்.
பாவம் மட்டும் வேண்டாம்.

காலை ஆறு மணி டிராம்.
எதிர் இருக்கையில் பூட்ஸ் கால்களைத் தூக்கிப்போட்டு
ஒரு பையன்.
நான் பாட்டுக்குப் பழகிக்கொண்டிருந்தேன்:
உச்சு. எபிசிலே.
உச்சு.
உச்சு.
அவன் என்னைப் பார்த்தான்.
கால்களை இறக்கினான்.
கையுறையைக் கழற்றி
இருக்கையைத் துடைத்தும் விட்டான்.